கொரிய ஆடைக் கடைகள்: அடையாளம் காண்பது முதல் அளவறிந்து வாங்குவது வரை

இணையக் கடை எதையாவது திறந்து பேன்ட் என்று தேடுங்கள். ‘கொரியன் பேன்ட்’ என்ற பெயரில் பக்கம் பக்கமாக வந்து நிற்கும். இடுப்பு உயர்ந்து, கால் அகன்று, முன்புறம் மடிப்பு வைத்துத் தைத்த பேன்ட். பெயரைத் தவிர அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் கொரியாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சியோலில் ஒரு கடை விற்ற வடிவம் இங்குள்ள தையற்கூடம் வரை வந்து சேர்ந்துவிட்டது என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது. அசலை வாங்க விரும்புகிறவர்களுக்கும், இந்தக் கடைகள் எப்படி உலகம் முழுக்கப் பரவின என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாரிஸிலும் மிலானிலும் வடிவமைப்பாளர் பெயர் முதலில் வரும், கடை பிறகு வரும். சியோலில் வரிசை தலைகீழ். அங்கே கடைதான் மூலவர். இன்று கொரிய நடை என்று நாம் அடையாளம் காணும் பல அம்சங்கள், கடைக்காரர்கள் வேகமாக விற்கவும், திரும்பி வரும் துணியைக் குறைக்கவும் கண்டுபிடித்த உபாயங்களிலிருந்து வளர்ந்தவை. ஆகவே துணியைப் பார்ப்பதற்கு முன் கடையைப் பாருங்கள்.

படி 1: டோங்டேமுனைப் புரிந்துகொள்ளுங்கள்

கொரியப் போருக்குப் பிறகு வடக்கிலிருந்து வந்த அகதிகள் பலர் சியோலின் ஆடைச் சந்தைப் பகுதியான டோங்டேமுனில், சோங்கெசோன் ஓடைக் கரையில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்தார்கள். ராணுவச் சீருடைத் துணிகளைச் சாயமேற்றி, வெட்டி, வேறு உடையாகத் தைத்து விற்றார்கள். 1960களின் தொடக்கத்தில் அதே இடத்தில் பியோங்ஹ்வா சந்தை எழுந்தது. கீழே கடைகள், மேலே தையற்கூடங்கள். நிமிர்ந்து நிற்க முடியாத தட்டுகளில் உட்கார்ந்து பதின்வயதுப் பெண்கள் நாள் முழுக்கத் தைத்தார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுத்த துணி வெட்டும் தொழிலாளி ஜோன் டே-இல், தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி, 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சந்தைக்கு முன்பாகவே தீக்குளித்து இறந்தார். அவருக்கு வயது 22. ஓடையின் மேலுள்ள பாலம் ஒன்றில் இன்று அவருடைய சிலை நிற்கிறது. புதுத் துணி வாங்கப் போகிறவர்கள் அந்தப் பாலத்தையும் ஒருமுறை கடந்துவிட்டுப் போகலாம்.

இன்றைய டோங்டேமுனின் பலம் வேகம். துணிச் சந்தை, பொத்தானும் ஜிப்பும் விற்கும் கடைகள், சாங்சின்-டோங் மேட்டுத் தெருக்களில் வீட்டுக்கு வீடு இயங்கும் சிறு தையற்கூடங்கள், மொத்த விற்பனைக் கட்டடங்கள் எல்லாம் நடந்து போகும் தொலைவுக்குள் இருக்கின்றன. துணிச் சுருளைப் பின்னால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் செங்குத்தான சந்துகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வடிவம் மனத்தில் தோன்றி இரண்டு மூன்று நாளில் கடையில் தொங்க முடியும். முதலில் கொஞ்சம் தைப்பார்கள். விற்றால் மறுபடியும் தைப்பார்கள். விற்காவிட்டால் அந்த வடிவத்தை மறந்துவிடுவார்கள். பெரிய பன்னாட்டுக் கடைகள் வாரக் கணக்கில் செய்வதைச் சின்னக் கடைக்காரர் ஒருவர் நாள் கணக்கில் செய்துவிடுகிறார்.

சந்தை விழித்துக்கொள்வது இரவில். ஏபிஎம், நுசோன், டிசைனர் கிளப் போன்ற மொத்த விற்பனைக் கட்டடங்கள் இரவு 8 மணிக்கு மேல் சூடுபிடித்து விடியற்காலை வரை நடக்கும். நடுநிசியில் நடைபாதை முழுக்க ஆளுயரப் பிளாஸ்டிக் மூட்டைகள். ஒவ்வொன்றின் மீதும் தடித்த மையில் ஏதோ ஒரு கடையின் பெயர். அவற்றைத் தோளில் தூக்கி ஓடுகிறவர்களைச் சந்தையில் ‘சம்சோன்’ என்று அழைக்கிறார்கள், மாமா என்பதுபோல. ஊரெங்கும் உள்ள இணையக் கடைக்காரர்கள் சார்பில் கடை கடையாக ஏறி இறங்கிச் சரக்கைச் சேகரித்து வண்டியில் ஏற்றுவது இவர்கள் வேலை. காலையில் ஒருவர் கைப்பேசியில் ஆர்டர் செய்கிறார். இரவில் மாமா அந்தத் துணியை வாங்குகிறார். மறுநாள் அது பொட்டலமாகிறது. பல இணையக் கடைகள் சரக்கைக் கையிருப்பில் வைத்துக்கொள்வதே இல்லை. கேட்டது தீர்ந்துபோயிருந்தால் பணம் கட்டிய ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு, துணி தைத்து வரும்வரை காத்திருக்கிறார்கள். ‘அனுப்புவதில் தாமதம்’ என்று உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியின் பின்னால் பெரும்பாலும் இந்த ரசீதுதான் இருக்கும்.

வாங்குகிறவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரே மொத்தக் கடையிலிருந்து பத்து இணையக் கடைகள் ஒரே மேல்சட்டையை வாங்கி, பத்து விதமாகப் படம் பிடித்து, பத்து விலை வைக்கும். பிடித்த உடையின் படத்தைப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். அதே துணி, அதே பொத்தான், வேறு மாடல், குறைந்த விலை என்று அடிக்கடி கிடைக்கும். ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்று பக்கத்தில் எழுதியிருந்தால் அது தனி. அந்தக் கடை சாங்சின்-டோங்கிலோ வேறெங்கோ தானே தைக்கக் கொடுத்திருக்கிறது என்று பொருள். ஆனால் அப்படி எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த துணியில் தயாரித்த நாட்டைச் சொல்லும் பட்டையைக் கத்தரித்துவிட்டுக் கொரியப் பட்டையைத் தைக்கும் வழக்கம் அந்த ஊர்ச் செய்தித்தாள்களில் பழைய புகார்.

படி 2: எதிரில் இருக்கும் கடை எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

முதல் வகை, மேலே சொன்ன டோங்டேமுன் சரக்குக் கடை. இதிலிருந்து எழுந்தவர்களில் புகழ்பெற்றது ஸ்டைல்நண்டா. கிம் சோ-ஹீ என்ற இளம்பெண் 2004-இல் இணையத்தில் துணி விற்கத் தொடங்கியது. துணி வாங்க வந்தவர்கள் மாடலின் உதட்டுச் சாயத்தையும் விசாரித்ததால் த்ரீ சி.இ. என்ற ஒப்பனைப் பொருள் வரிசையைத் தொடங்கினார். 2018-இல் பிரான்ஸின் லோரியல் நிறுவனம் ஸ்டைல்நண்டாவையே வாங்கிக்கொண்டது. தனக்கென்று ஆடை வடிவமைப்புக் கல்லூரிப் பின்னணியோ ஆலையோ இல்லாத ஒரு சில்லறைக் கடை பாரிஸ் பெருநிறுவனத்தின் கைக்குப் போனது சின்ன விஷயமில்லை.

இரண்டாம் வகை, மேடை. ஆயிரக்கணக்கான சிறு பிராண்டுகளை ஒரே தளத்தில் திரட்டித் தருவது. இதில் முதன்மையானது முசின்சா. சோ மன்-ஹோ பள்ளி மாணவராக இருந்தபோது 2001-இல் தொடங்கிய காலணி ரசிகர் குழுதான் இதன் வேர். ‘காலணிப் படங்கள் ஏராளமாக உள்ள இடம்’ என்ற நீண்ட கொரியப் பெயரைச் சுருக்கியதுதான் இந்தப் பெயர். அடுத்துத் தெருவில் போகிறவர்களின் உடையைப் படம் பிடித்துப் போட்டார்கள்; பத்திரிகை நடத்தினார்கள்; 2009-இல்தான் விற்கவே தொடங்கினார்கள். வாசகர்களைச் சேர்த்துவிட்டுக் கடை திறந்தவர்கள் என்பதால் இன்றும் அந்தத் தளத்தில் பாதி நேரம் படம் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. 2019-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான செக்கோயா பணம் போட்டது. முசின்சா ஸ்டாண்டர்ட் என்ற சொந்த வரிசை, அலங்காரமில்லாத அடிப்படை உடைகளை மலிவாக விற்கிறது. 2021-இல் சியோலின் ஹோங்டே பகுதியில் அதற்கு நேரடிக் கடையும் வந்தது. பெண்களுக்கான மேடைகளில் ஸிக்ஸாகும் ஏப்லியும் டோங்டேமுன் கடைகளைத் திரட்டித் தருகின்றன. டபிள்யூ கான்செப்ட் வடிவமைப்பாளர் பிராண்டுகளை வைத்திருக்கிறது. விலை ஒரு படி மேலே, தையல் இரண்டு படி மேலே என்பது என் கணிப்பு.

மூன்றாம் வகை, கடையையே கலைக்கூடமாக்கிய பிராண்டுகள். 2011-இல் தொடங்கிய ஜென்டில் மான்ஸ்டர் விற்பது மூக்குக் கண்ணாடி. ஆனால் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கும். 2021-இல் சியோலின் டோசான் பகுதியில் திறந்த கட்டடத்தில் ஆறு கால்களோடு அசையும் பெரிய இயந்திரம் ஒன்று தளத்தை அடைத்து நிற்க, கூட்டம் அதைப் படம் பிடித்துவிட்டுக் கண்ணாடி போட்டுப் பார்த்தது. கீழ்த்தளத்தில் அதே குழுமத்தின் இனிப்புக் கடை. நடிகை ஜுன் ஜி-ஹ்யுன் ஒரு தொலைக்காட்சித் தொடரில் இந்தக் கண்ணாடியை அணிந்த பிறகு சீனாவிலும் பெயர் பரவியது. 2017-இல் பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமமான எல்.வி.எம்.எச். சார்ந்த முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கியது. 2025-இல் கூகுள் தன் ஸ்மார்ட் கண்ணாடித் திட்டத்துக்கு இவர்களைக் கூட்டாளியாக அறிவித்தது. ஏடர் எரர் 2014-இல் வந்தது. அதன் அடர்நீலம் ஒரு கையெழுத்து. தையல் ஒரு பக்கம் நழுவியிருப்பதுபோல வேண்டுமென்றே செய்வார்கள். 2021-இல் ஸாராவோடு சேர்ந்து ஓர் உடை வரிசையே வெளியிட்டது.

நான்காம் வகை, பெருநிறுவனங்கள். ஈலேண்ட் குழுமத்தின் ஸ்பாவோ 2009-இலும், சாம்சங் குழுமத்தின் எய்ட் செகண்ட்ஸ் 2012-இலும் வந்தன. யூனிக்ளோவுக்கும் ஸாராவுக்கும் உள்ளூர் மறுமொழி என்று நினைத்துக்கொள்ளலாம். இந்த வகைக்குள்தான் கொரியாவின் வேடிக்கையான தொழில் ஒன்றும் வருகிறது: துணியோடு சம்பந்தமே இல்லாத அமெரிக்கப் பெயர்களை உரிமத்துக்கு வாங்கி உடையாக்குவது. கோடாக், நேஷனல் ஜியோகிராஃபிக், டிஸ்கவரி, சி.என்.என். எல்லாமே சியோலில் துணிப் பெயர்கள். புகைப்படச் சுருள் என்றால் என்னவென்றே தெரியாத கல்லூரி மாணவர் கோடாக் மஞ்சளில் மேலங்கி அணிந்து சுரங்க ரயிலில் நிற்பார். அமெரிக்க பேஸ்பால் சம்மேளனத்தின் எம்.எல்.பி. பெயரை வைத்து எஃப் அண்ட் எஃப் நிறுவனம் விற்கும் தொப்பிகள் சீனாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளில் தொங்குகின்றன. கடன் வாங்கிய பெயரோடு நிற்காமல் பெயரையே சொந்தமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. ஜெர்மனியில் பிறந்த எம்.சி.எம். 2005-இலும், இத்தாலியில் பிறந்த ஃபிலா 2007-இலும் கொரியர்கள் கைக்கு வந்தன. வேடிக்கை என்று சொன்னாலும், தையல் தரத்தில் இந்த வகை பெரும்பாலும் ஏமாற்றாது. குளிர்கால மேலங்கிக்கு இவர்களிடம் தயங்காமல் போகலாம்.

படி 3: நடையைக் கண்ணால் பழகுங்கள்

தோள் தையல் தோளிலிருந்து கீழே இறங்கிக் கையில் உட்கார்ந்திருக்கும். மேல்சட்டை அகலமாகவும், நீளம் அளவாகவும் இருக்கும். பேன்ட் இடுப்பில் பொருந்திக் கீழே தளரும். நிறங்கள் கறுப்பு, சாம்பல், பழுப்பு, வெண்மஞ்சள், கருநீலம் என்ற வட்டத்துக்குள் சுற்றும். காலுறையிலோ பையிலோ மட்டும் ஒரு துளி நிறம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது அங்குள்ள பருவநிலைக்கும் ஒத்துப்போகிறது. காலையில் குளிர்ந்து மதியம் சூடாகும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கழற்றி மாட்ட ஓர் அடுக்கு தேவை.

தளர்ந்த வடிவத்துக்குப் பின்னால் வணிகக் கணக்கு உண்டு என்பது என் கருத்து. உடுத்திப் பார்க்காமல் இணையத்தில் வாங்குகிறவருக்கு, உடலை ஒட்டிய உடையைவிடத் தளர்ந்த உடை பொருந்த வாய்ப்பு அதிகம். ஒரே அளவில் தைத்தால் மொத்தக் கடைக்காரருக்குச் சரக்குத் தேங்குவதும் குறைவு. அழகியல் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

இன்னொன்று, இந்தக் கடைகள் தனி உடையை விற்பதில்லை, சேர்க்கையை விற்கின்றன. சட்டையைத் தட்டினால் அதோடு போட்ட பேன்ட், காலணி, தொப்பி, பை எல்லாம் அடுத்தடுத்துக் காட்டப்படும். மாடல் சிரிப்பதில்லை, பின்னால் ஒரு கான்கிரீட் சுவர், கையில் காபி. பார்க்கிறவர் அந்த முழுப் படத்தையும் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். இதன் மறுபக்கம், எல்லோரும் ஒரே மாதிரி ஆவது. முசின்சாவில் வாங்கியது தூரத்திலிருந்தே தெரிகிறது என்று கொரிய இளைஞர்களே ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது வழக்கமாகிவிட்டது. அதனால் ஒரு கடையின் முழுச் சேர்க்கையை அப்படியே வாங்காதீர்கள். பேன்டை அங்கே வாங்குங்கள், சட்டை உங்களுடையதாக இருக்கட்டும்.

படி 4: அளவு நாடாவைக் கையில் எடுங்கள்

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பவே வேண்டாம்.

பெண்கள் உடையில் 44, 55, 66, 77 என்ற எண்களைப் பார்ப்பீர்கள். 1980களின் தொடக்கத்தில் இளம்பெண்களின் சராசரி உயரம் 155 செ.மீ., மார்பளவு 85 செ.மீ. என்று கொண்டு, இரண்டின் கடைசி இலக்கத்தையும் சேர்த்து 55 என்றார்கள். அதிகாரபூர்வ வழக்கிலிருந்து போனாலும் கடைகளின் பேச்சில் இன்றும் அது வாழ்கிறது. தோராயமாக 55 என்பது எஸ், 66 என்பது எம். ஆண்களுக்கு 95, 100, 105 என்று மார்பளவு செ.மீ.யில் வரும். காலணி மில்லிமீட்டரில்: 240, 260, 275.

‘ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் ஒரே அளவுதான், அதுவும் பெரும்பாலும் 44 முதல் 66 வரைக்கானது. எல்லோருக்கும் பொருந்தும் என்று பொருள் இல்லை. மார்பும் இடுப்பும் அகன்ற உடல்வாகு உள்ள நம் பெண்களுக்கு, ஃப்ரீ என்று எழுதிய இறுக்கமான பின்னலாடையோ குட்டைச் சட்டையோ கிட்டத்தட்ட நிச்சயமாகச் சிறியதாக இருக்கும். 77-க்கு மேல் தைக்கும் கடைகள் தனியாகத் தேடினால்தான் கிடைக்கின்றன. உலகக் கடை என்று பெருமை பேசும் ஒரு துறை இந்த விஷயத்தில் இன்னும் கிணற்றுக்குள்தான் இருக்கிறது.

ஆனால் கொரியக் கடைகள் செய்யும் ஒரு நல்ல காரியம், உடையை மேசையில் விரித்து அளந்த கணக்கைப் பக்கத்தின் அடியில் தருவது. முழு நீளம், தோள் அகலம், மார்பு, கை நீளம் என்று நான்கு எண்கள் வரும். மார்பு எண் மேசையில் கிடக்கும் ஒரு பக்கத்தின் அகலம். சுற்றளவு வேண்டுமானால் இரண்டால் பெருக்க வேண்டும்.

உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, பொத்தான் போட்டு, சுருக்கமில்லாமல் தரையில் விரியுங்கள். ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்தால் 54 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 108. இப்போது கொரியக் கடைப் பக்கத்தில் தளர்ந்த சட்டை ஒன்றின் எம் அளவுக்கு மார்பு 60, தோள் 54, கை 56 என்று இருக்கிறது. சுற்றளவு 120 என்பதால் உங்கள் சட்டையைவிட 12 செ.மீ. தளர்வு, அந்த நடைக்கு அது சரி. தோள் எண் 54 என்றால் தையல் உங்கள் கையில் இறங்கும். அதனால்தான் கை நீளம் 56 என்று குறைவாகத் தெரிகிறது. தோள் அகலத்தில் பாதியையும் கை நீளத்தையும் கூட்டி, அதை உங்கள் சட்டையின் அதே கூட்டலோடு ஒப்பிடுங்கள். இங்கே 27-ம் 56-ம் சேர்ந்து 83. உங்கள் சட்டையில் தோள் 46, கை 61 என்றால் 23-ம் 61-ம் சேர்ந்து 84. ஒரு செ.மீ. வித்தியாசம்தான், வாங்கலாம். தனியாகக் கை நீளத்தை மட்டும் பார்த்திருந்தால் தேவையில்லாமல் பெரிய அளவுக்குப் போயிருப்பீர்கள்.

பேன்டுக்கு இடுப்பு, தொடை, கால் முனை மூன்றும் இதேபோல் விரித்த அளவுதான், இரண்டால் பெருக்குங்கள். இடுப்பிலிருந்து கவட்டை வரையுள்ள உயரத்தைக் கட்டாயம் பாருங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் பேன்ட் தொப்புளை ஒட்டி உட்காரும். இடுப்பெலும்பில் அணிந்து பழகியவருக்குக் கீழே தொங்கும். அளவில் 1 முதல் 3 செ.மீ. வரை வேறுபாடு வரலாம் என்ற எச்சரிக்கையை எல்லாக் கடையும் போடும், பொய்யில்லை, வருகிறது.

அடுத்து மாடலின் உயரமும் எடையும் பாருங்கள். அதைவிட மதிப்பீடுகள் பயனுள்ளவை. முசின்சாவில் வாங்கியவர்கள் தங்கள் உயரம், எடை, வாங்கிய அளவு மூன்றையும் போட்டுக் கண்ணாடி முன் எடுத்த படத்தோடு எழுதுகிறார்கள். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் நெருங்கியவர்களின் படங்களை மட்டும் பாருங்கள். மாடல் படத்தை மறந்துவிடலாம்.

படி 5: பக்கத்தின் அடியிலுள்ள கட்டங்களைப் படியுங்கள்

அளவுக்குக் கீழே சிறு அட்டவணை ஒன்று இருக்கும். துணியின் கனம், உள்ளே தெரியுமா, இழுபடுமா, உள்துணி உண்டா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு தேர்வுகளில் ஒன்றைக் குறித்திருப்பார்கள். கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவைக் காட்டினால் போதும். வெள்ளைக் கால்சட்டைக்கு ‘லேசாகத் தெரியும்’ என்று குறித்திருந்தால் நன்றாகவே தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தி, ரேயான், பாலியஸ்டர், அக்ரிலிக் விகிதத்தையும் பாருங்கள். விலை குறைந்த பின்னலாடைகளில் அக்ரிலிக் மிகுதி. நம் ஊர் வியர்வைக்கு ஒத்துவராது. காஷ்மீர், வாத்து இறகு என்றால் இன்னும் கவனம். 2025 தொடக்கத்தில் கொரியாவில் சில பிராண்டுகள் இறகு விகிதத்தைத் தவறாக எழுதியது வெளியாகி, முசின்சா தன் தளத்திலுள்ள இறகு, காஷ்மீர் உடைகளைச் சோதனைக்கு அனுப்பியது. பிராண்டுகள் சில தளத்திலிருந்து நீக்கப்பட்டன. தயாரித்த நாடு எது என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். கொரியப் பிராண்ட் என்பதற்காகக் கொரியாவில் தைத்தது என்று நினைக்க வேண்டியதில்லை. சீனாவும் வியட்நாமும் வங்காளதேசமும் அந்தக் கட்டத்தில் சாதாரணம்.

படி 6: வெளிநாட்டிலிருந்து ஆர்டர் செய்வது

கொரிய உள்நாட்டுத் தளங்கள் அந்த ஊர்க் கைப்பேசி எண்ணை வைத்து ஆளைச் சரிபார்க்கின்றன. வெளியூர்க்காரருக்கு அங்கேயே கதவு மூடிவிடும். ஆகவே உலகத் தளங்களுக்குப் போக வேண்டும். முசின்சா 2022-இல் உலகத் தளத்தைத் திறந்தது; சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான், அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு நேரடியாக அனுப்புகிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழர்களுக்கு இது எளிய வழி. இந்தியாவிலிருந்து வாங்குவோர் பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அந்தத் தளம் இந்தியாவுக்கு அனுப்புகிறதா என்று பாருங்கள். கூடையை நிரப்பிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் முகவரி ஏற்காமல் போவது எரிச்சல். பிராண்டுகளின் சொந்தத் தளங்கள் சிலவும், கொரிய முகவரி தந்து பொதியை மறுபடி அனுப்பும் முகவர்களும் மாற்று வழி. முகவர் கட்டணம் எடைக்கு என்பதால் மேலங்கிக்கு வலிக்கும், சட்டைக்கு வலிக்காது.

வரியை விலையோடு கூட்டியே கணக்குப் பாருங்கள். சிங்கப்பூரில் குறைந்த விலைப் பொதிகளுக்கும் 9 சதவீத ஜி.எஸ்.டி.; மலேசியாவில் 2024 முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இணைய இறக்குமதிகளுக்கு 10 சதவீதம். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் இறுதியில் முடிந்துவிட்டது. இந்தியாவில் சின்னப் பொதிக்கும் சுங்க வரி உண்டு. கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும்.

திருப்பி அனுப்புவது உள்நாட்டு வாடிக்கையாளருக்குச் சுலபம். கொரியச் சட்டப்படி இணையத்தில் வாங்கியதை 7 நாளுக்குள் திருப்பலாம். கடல் கடந்தவருக்கு அஞ்சல் செலவே உடை விலையை எட்டிவிடும். படி 4-ஐ அவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இதுதான்.

தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்கள் முசின்சாவின் இரண்டு பெரிய விற்பனைகளைக் குறித்துக்கொள்ளலாம்: ஒன்று ஜூன் கடைசியில், மற்றது நவம்பரில்.

படி 7: சியோலுக்கே போகிறீர்கள் என்றால்

கூகுள் வரைபடத்தின் நடைவழி அங்கே நம்பகமில்லை. நேவர் என்ற கொரிய வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்.

சோங்சுவில் தொடங்குங்கள். காலணித் தொழிற்கூடங்களும் அச்சகங்களும் வாகனப் பட்டறைகளும் இருந்த இடம். செங்கல் கிடங்குகள் இப்போது கடைகளாகவும் சில நாள் மட்டும் திறக்கும் தற்காலிகக் கடைகளாகவும் மாறியிருக்கின்றன. முசின்சாவின் தலைமையகமும் இங்கேதான். ஒரு தெருவில் பளபளப்பான கண்ணாடிக் கடை, பக்கத்துச் சந்தில் இன்னமும் தோல் வெட்டும் சத்தம். வார நாளில், மதியத்துக்கு முன் போங்கள். சனிக்கிழமை வரிசையில் நின்றே பொழுது போய்விடும். ஹன்னம்-டோங்கில் மார்டி மெர்க்ரெடி போன்ற பூ முத்திரை பிராண்டுகளின் கடைகள். ஜப்பானியப் பெண்கள் பைகளோடு இறங்கி வருவதைப் பார்த்தாலே கடை எங்கே என்று தெரிந்துவிடும். ஹோங்டே மாணவர்களுக்கானது, விலை குறைவு. யோயிடோவில் 2021-இல் திறந்த ஹ்யுண்டே சியோல் பேரங்காடியின் இரண்டாம் கீழ்த்தளத்தைத் தவறவிடாதீர்கள். எர்மேஸ், ஷனேல், லூயி வித்தோன் என்ற ஆடம்பரப் பிராண்டுகள் மூன்றும் இல்லாமலேயே திறந்து, இணையத்தில் மட்டும் இருந்த இளம் பிராண்டுகளுக்கு அந்தத் தளத்தில் இடம் கொடுத்துக் கூட்டம் சேர்த்த கடை அது.

டோங்டேமுனுக்கு இரவு 11 மணிக்கு மேல் போனால்தான் அதன் முகம் தெரியும். வெள்ளி இரவும் சனிக்கிழமையும் மொத்த விற்பனைக் கட்டடங்கள் பல மூடியிருக்கும். மொத்தக் கடையில் ஒற்றை உடை கேட்டால் மறுப்பார்கள். கோபிக்க வேண்டாம், அவர்கள் தொழில் அது. உடுத்திப் பார்க்க விடமாட்டார்கள், பணம் திருப்பித் தரமாட்டார்கள். சில்லறைக்கு டூட்டா போன்ற கட்டடங்கள் உண்டு. கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் வடிவமைத்து 2014-இல் திறந்த வெள்ளிநிற டி.டி.பி. (டோங்டேமுன் டிசைன் பிளாசா) எதிரிலேயே இருக்கிறது, சியோல் ஃபேஷன் வீக்கின் களமும் அதுதான். கண்கூசும் அந்தக் கட்டடத்தைச் சுற்றியுள்ள பழைய சில்லறைக் கட்டடங்களில் பூட்டிய கடைகள் நிறைய என்பதையும் பார்ப்பீர்கள். இணையமும் சீன மலிவு விற்பனையும் டோங்டேமுனை வளர்த்த அதே வேகத்தில் அரித்துக்கொண்டிருக்கின்றன.

சியோல் விரைவுப் பேருந்து நிலையத்துக்குக் கீழே நீளும் கோட்டோ மால் போன்ற சுரங்கக் கடைகளில் 10,000 கொரிய வோனுக்குச் சட்டை கிடைக்கும். அங்கேயும் உடுத்திப் பார்ப்பது அரிது. அளவு நாடாவைப் பையிலேயே வைத்திருங்கள்.

வரித் திரும்பல் சுற்றுலாப் பயணிகளின் உரிமை, கேட்டு வாங்குங்கள். விலையில் 10 சதவீத வரி அடங்கியிருக்கிறது. 2024 முதல் 15,000 வோனுக்கு மேல் வாங்கினாலே தகுதி. உடனடித் திரும்பல் உள்ள கடையில் கடவுச்சீட்டைக் காட்டினால் அங்கேயே கழித்துக்கொள்வார்கள். முழு வரியும் வராது, கட்டணம் போக மீதி வரும். உடனடி வசதி இல்லாத கடை ரசீது தரும். அந்த ரசீதுகளை விமான நிலைய இயந்திரத்தில் காட்டிய பிறகே பெட்டியைச் சரக்கில் போடுங்கள். சுங்க அதிகாரி துணியைக் காட்டச் சொன்னால் அது அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டும்.